ஏழு வரை எண்ணியவன்

கிரீம்ஸ்பேட்டை, சித்தூர்
18 நவம்பர் 2024

என் பிரியமான தம்பி அசரியாவுக்கு,

அக்கா யூனிஸ் எழுதுவது. அந்த நாலு சுவருக்குள்ளும் ஆண்டவர் உன் தலைமாட்டில் நிற்பாராக. நீ மதனப்பள்ளி ஹாஸ்டலில் இருந்தபோது எழுதியதுதான் நான் உனக்கு எழுதிய கடைசிக் கடிதம். பிறகு எல்லாம் போன்தான். இப்போது உன் போன் போலீஸிடம் இருப்பதால் மறுபடி பேனாவை எடுத்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் நோயாளி சீட்டு எழுதி எழுதி என் கையெழுத்து கெட்டுப்போயிற்று. பொறுத்துக்கொள்.

போன திங்கட்கிழமை ஜெயிலில் உன்னைப் பார்க்க வந்தேனே, என்ன பார்த்தேன்? வலைக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான், இரண்டு பக்கமும் இருபது பேர் கத்தல். நீ சொன்னதில் ஒரு வார்த்தை காதில் விழவில்லை. உன் மேலுதட்டில் தையல் போட்டிருப்பதை மட்டும் பார்த்தேன். காலேஜ் வாட்ச்மேன்கள் உன்னைக் கீழே தள்ளி மிதித்தபோது கிழிந்தது என்று வக்கீல் ஆதிநாராயணன் சொன்னார். தையலைப் பிரித்தார்களா? நாக்கால் தடவாதே.

நடந்ததை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நவம்பர் ஆறாம் தேதி, புதன்கிழமை காலை, டெஸ்டில் மார்க் குறைந்ததென்று வைஸ் பிரின்சிபால் சுரேஷ்பாபு என் பெண் ஈவ்லினை பிளாஸ்டிக் குழாயால் அடித்தான். அதே திருப்பதி காலேஜில் கம்ப்யூட்டர் லேப் பார்க்கும் நீ ஓடிப்போய் அந்தக் குழாயைப் பிடுங்கி அவனை அடித்தாய். அவன் தாடை இரண்டாக உடைந்திருக்கிறது, முழங்கால் சில்லு நொறுங்கியிருக்கிறது. இப்போது குழாய் வழியாகக் கஞ்சி குடிக்கிறானாம். நர்ஸாக இருந்துகொண்டு இதை எழுதக் கூடாது. ஆனால் கேட்டபோது எனக்கு வயிறு குளிர்ந்தது.

ஞாயிறு ஆராதனையில் போதகர் உன் பெயரைச் சொல்லி ஜெபித்தார். பெஞ்சில் பக்கத்தில் இருந்த அம்மாக்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தாய்மாமன்னா இப்டி இருக்கணும் யூனிஸு. எங்க வூட்லயும் இருக்கானுங்களே" என்றார்கள். உன் அத்தான் சாம்ராஜ் அதிகம் பேசாதவர் என்று உனக்குத் தெரியும். அவரே, "உன் தம்பி ஆம்பள" என்றார்.

ஈவ்லினை வேலூரில் காட்டினோம். இடது காதின் சவ்வு கிழிந்ததோடு நிற்கவில்லை. உள்ளே இருக்கும் சிறு எலும்புகளும் விலகியிருக்கின்றன. ஆபரேஷன் செய்வார்கள். கேட்கும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. மூன்று நாள் நடக்கும்போதெல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அதிகம் பேசுவதில்லை.

ஒரு உதவி. மே மாதம் நீட் எழுதியே தீருவேன் என்கிறாள். வீட்டிலிருந்தே படிக்கட்டும் என்று நினைக்கிறேன். நீ டெஸ்டுக்காக ஒரு புரோகிராம் எழுதினாயே, கறுப்புத் திரையில் ஒவ்வொரு கேள்வியாக வருமே, அதை இங்கே இருக்கும் பழைய லேப்டாப்பில் எப்படி ஓட்டுவது என்று எழுது. நான் இதைச் சொன்னதும் அவள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். காதில் வலி இருந்திருக்கும்.

சாப்பாடு எப்படி? கோபப்படாமல் இரு.

அன்பு அக்கா,
யூனிஸ்


சப் ஜெயில்
27 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி அசரியா எழுதுகிறேன். உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. தமிழ் படிக்கத் தெரிந்த வார்டர் இங்கே மணிவேல் ஒருவர்தான். வருகிற கடிதத்தையும் போகிற கடிதத்தையும் அவர் படித்துவிட்டுத்தான் தருவார். உன் கடிதத்தைக் கொடுக்கும்போது, "ஒங்க அக்கா நல்லா எழுதுறாங்கப்பா" என்றார். ஆகவே உனக்கு இன்னொரு வாசகர் கிடைத்திருக்கிறார்.

தையல் பிரித்தாயிற்று. சோறு, சாம்பார், சில நாள் முட்டை. அதைப் பற்றிக் கவலைப்படாதே.

இங்கே கோபப்படாமல் இரு என்று சொல்வது எளிது. போன வாரம் தண்ணீர்த் தொட்டி அருகே இரண்டு பேருக்குள் சண்டை. சோப்புத் துண்டு யாருடையது என்பதுதான் விஷயம். ஒருவன் மற்றவன் தலையைத் தொட்டியின் சிமென்ட் விளிம்பில் மோதினான். தேங்காய் உடைக்கிற சத்தம். தண்ணீர் ரோஜா நிறமாயிற்று. எல்லாரும் பின்னால் நகர்ந்தார்கள். நானும் நகர்ந்தேன் அக்கா. சபையில் என்னைப் பற்றிப் பேசுகிறார்களே, அவர்களிடம் இதையும் சொல்.

சுரேஷ்பாபுவை எத்தனை அடி அடித்தேன் என்று வக்கீல் கேட்டார். பதினாலு என்றேன். முதல் அடி வாயில். பல் தெறித்து கரும்பலகைக்குக் கீழே விழுந்தது. விழுந்த பிறகு முழங்காலில். மீதி எங்கே விழுந்தது என்று பார்க்கவில்லை. "கோபத்துல அடிச்சவன் எண்ண மாட்டானேப்பா, நீ எப்படி எண்ணினே?" என்று அவர் கேட்டார். தெரியாது என்றேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டார்.

நீ கேட்டதற்கு வருகிறேன். அதன் பெயர் வினா. படம் கிடையாது, மவுஸ் கிடையாது. லேப்பில் இருந்த இருபத்துநாலு கம்ப்யூட்டரும் பதினைந்து வருஷப் பழசு. புது மென்பொருள் எதைப் போட்டாலும் தூங்கிவிடும். அதனால் வெறும் எழுத்தாலேயே ஓடும்படி எழுதினேன். கேள்வி, நாலு விடை, எது சரி என்று ஒரு சாதாரணக் கோப்பில் தட்டி வைத்தால் போதும், தேர்வு தயார். 'வினா' என்று தட்டி, பக்கத்தில் பாடத்தின் பெயரைத் தட்டினால் முதல் கேள்வி வரும். ஒன்றிலிருந்து நாலுக்குள் ஒரு எண், பிறகு என்டர். அடுத்த கேள்வி. ஐம்பது முடிந்ததும் மார்க்கைச் சொல்லும். அவ்வளவுதான். மூன்று மாதம், வேலை நேரம் போக எழுதினேன். முதல் நாள் இருபத்துநாலு திரையிலும் ஒரே நேரத்தில் அது ஓடியபோது, நைனா இருந்திருந்தால் கூட்டிவந்து காட்டியிருப்பேன் என்று நினைத்தேன்.

ஆனால் ஈவ்லினுக்கு அதைக் கொடுக்காதே. புத்தகத்தில் படிக்கட்டும். கண்ணுக்கும் நல்லது. லேப்டாப்பில் தேடவும் வேண்டாம்.

அவள் என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா?

தம்பி,
அசரியா


கிரீம்ஸ்பேட்டை, சித்தூர்
9 டிசம்பர் 2024

என் செல்லத் தம்பி அசரியாவுக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். ஈவ்லினுக்கு ஆபரேஷன் ஆயிற்று. காதுக்குப் பின்னால் ஒன்பது தையல். அந்தக் காது இனிமேல் இல்லை என்று டாக்டர் வெளியே கூப்பிட்டுச் சொன்னார். வலது காது நன்றாக இருக்கிறது. ஆனால் நாலு பேர் சேர்ந்து பேசினால் அவளுக்கு எதுவும் பிடிபடுவதில்லை, வாயைப் பார்க்கிறாள்.

நேற்று ஆராதனை முடிந்து வந்து நான் அடுப்பில் வைத்த கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மணி ஒன்று இருக்கும். இரண்டு பைக்கில் நாலு பேர் வந்தார்கள். கேட்டைத் திறக்கவில்லை, உதைத்தே உள்ளே வந்தார்கள். முன்பக்க ஜன்னல் இரண்டையும் கம்பியால் நொறுக்கினார்கள். உன் அத்தான் யாரென்று கேட்டு வாசலுக்குப் போனார். பதிலுக்குத் தோளில் ஒரு அடி. காறை எலும்பு உடைந்த சத்தம் அடுப்படிவரை கேட்டது. ஒருவன் தெலுங்கில் கத்தினான். இன்னொருவன் நம்ம பக்கத்துத் தமிழிலேயே சொன்னான், "ஒன் தம்பி வெளிய வரணும்னா ஒன் பொண்ணு வாயத் தொறக்கக் கூடாது. ராஜிக்கு வா, சமாதானமாப் போயிடலாம். நீங்களும் வாபஸ் வாங்குங்க, நாங்களும் வாங்கிக்கிறோம். இல்லன்னா இன்னொரு காதும் கீதுல்ல?"

அதுவரை நான் அழுதுகொண்டுதான் இருந்தேன். அந்த வார்த்தை கேட்டதும் குழம்புச் சட்டியைத் துணிகூட இல்லாமல் தூக்கினேன். அவன் தொடையிலிருந்து கால்வரை ஊற்றினேன். இருபது வருஷமாகத் தீக்காயத்துக்கு மருந்து போடுகிறேன். நானே ஒருவனுக்குத் தீக்காயம் போட்டது இதுதான் முதல். அவன் அலறிக்கொண்டு ஓடினான், மற்றவர்களும் ஓடினார்கள். என் இரண்டு உள்ளங்கையும் கொப்பளித்திருக்கிறது. அதனால்தான் எழுத்து இப்படி.

இதற்குப் பிறகுதான் ஈவ்லின் வாயைத் திறந்தாள். கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கிக்கொண்டே சொன்னாள். நான் எதுவும் கேட்கவில்லை. அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"ஒவ்வொரு புதன்கிழமையும் நடக்கும்மா. லேப்ல டெஸ்ட் எழுதுவோம். ஒரு மணி நேரத்துல கம்ப்யூட்டர்லேந்து லிஸ்ட் வரும். பக்கத்து ஹால்ல எங்கள வரிசையா நிக்க வெப்பாங்க. சுரேஷ்பாபு சார் பேரப் படிப்பாரு. பேருக்குப் பக்கத்துல ஒரு நம்பர் இருக்கும். எத்தினி நம்பரோ அத்தினி அடி. அடி வாங்குறவங்களே சத்தமா எண்ணணும். எண்ணாம வுட்டா மொதல்லேந்து. அன்னிக்கி எனக்குக் காய்ச்சல்மா. கேள்வியே ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சுது. எனக்குப் பதினாலு. நான் ஏழு வரைக்கும் எண்ணினேன். தல சுத்துச்சு, திரும்பிட்டேன். எட்டாவது காதுல வுழுந்துச்சு. அப்புறம் ஒரே விசில் சத்தம். அவரு என்னமோ சொன்னாரு, கேக்கல. வாயப் பாத்தேன். 'மள்ளீ மொதட்டி நுஞ்சி'ன்னாரு. மறுபடி மொதல்லேந்துன்னு."

இத்தனை நாளாக இப்படி நடக்கிறது, ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்றேன். "எம் பேரு வந்ததில்லையேம்மா" என்றாள். பிறகு துடைப்பத்தை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வக்கீலிடம் சொன்னேன். காலேஜ் தரப்பில், "அது ஒருநாள் கோபம், ஒரு மாணவி, ஒரு சம்பவம்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். வாரா வாரம் நடந்ததற்கு எழுத்தில் ஆதாரம் இருந்தால் வழக்கே வேறு என்கிறார். பிள்ளைகள் யாரும் சாட்சிக்கு வர மாட்டார்கள், பயம். அந்த லிஸ்ட் கிடைத்தால் போதும் என்றார். லேப் உன் பொறுப்பில்தானே இருந்தது? யார் அதைத் தயாரித்தது? உனக்குத் தெரியாமல் அந்தக் கம்ப்யூட்டரில் எவன் கை வைத்தான்? பெயரைச் சொல் தம்பி. இந்தக் கையோடு நானே போய் அவனைப் பார்க்கிறேன்.

உன் அக்கா,
யூனிஸ்


சப் ஜெயில்
19 டிசம்பர் 2024

அக்கா,

உன் கடிதத்தை மணிவேல் இந்த முறை கம்பி வழியாக நீட்டிவிட்டுப் போய்விட்டார். எட்டு நாளாக இதை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். இன்று கிழிக்கப் போவதில்லை. இதையும் அவர் படிப்பார். படிக்கட்டும்.

அந்தக் கம்ப்யூட்டரில் கை வைத்தவன் நான்தான்.

போன வருஷம் ஆகஸ்டில் சுரேஷ்பாபு லேப்புக்கு வந்தான். வினாவைப் பார்த்து முதுகில் தட்டினான். "மார்க் மட்டும் போதாது. முப்பத்தஞ்சுக்குக் கீழே வாங்கினவங்க பேரு மட்டும் தனியா வரணும். பக்கத்துல எத்தனை குறையுதுன்னு நம்பர் வரணும். பெரிய நம்பர் மேலே" என்றான். அரைமணி நேர வேலை. 'வினா லிஸ்ட்' என்று தட்டினால் வரும்படி அன்று மாலையே எழுதிக் கொடுத்தேன். நம்பர் எதற்கு என்று அன்று எனக்குத் தெரியாது. இது உண்மை. அடுத்த புதன்கிழமை தெரிந்தது. இதுவும் உண்மை.

லேப்புக்கும் ஹாலுக்கும் நடுவில் ஒரு சுவர். குழாய் விழுகிற சத்தத்தைவிட எண்ணுகிற சத்தம்தான் அதிகம் கேட்கும். ஒகட்டி, ரெண்டு, மூடு என்று தெலுங்கில் எண்ணுவார்கள். முதல் வாரம் வெளியே போய் நின்றேன். இரண்டாம் வாரம் கதவைச் சாத்தி ஃபேனை வேகமாக வைத்தேன். மூன்றாம் வாரம் அந்த நேரத்தில் டீ குடிக்கப் பழகிவிட்டேன். ஒவ்வொரு புதன்கிழமையும் நானே லிஸ்ட் எடுத்து நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. ஜனவரியில் வினாவில் ஒரு பிழை இருந்தது. விடை தட்டாமல் விட்ட கேள்விக்குக் கூடுதலாக ஒரு மார்க்கைக் கழித்துவிட்டது. பாலசமுத்திரத்திலிருந்து வந்து படித்த பரணி என்ற பெண் ஒன்பது கேள்வியை விட்டிருந்தாள். பதினொன்று வர வேண்டிய இடத்தில் இருபது வந்தது. இருபதும் விழுந்தது. பதினைந்துக்கு மேல் அவள் கையைக் குறுக்கே வைத்தாள், வலது மணிக்கட்டு உடைந்தது. மாடிப்படியில் விழுந்தாள் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் அன்றே உட்கார்ந்து பிழையைத் தேடினேன். இரண்டு வரி. திருத்தினேன். அடுத்த வாரம் எண்கள் எல்லாம் சரியாக வந்தன. அக்கா, எனக்கு நிம்மதியாக இருந்தது. இனிமேல் யாருக்கும் கூடுதலாக விழாது என்று நினைத்தேன். என் மண்டை அப்படி ஆகியிருந்தது.

ஈவ்லினுக்குத் தெரியும். வினாவைத் திறந்ததும் முதல் வரியில் என் பெயர் வரும். நான் ஆசையாக வைத்தது. போன வருஷமே ஒருநாள் லேப்பில் எல்லாரும் போன பிறகு கேட்டாள், "மாமா, அந்த லிஸ்ட் நீங்களா குடுக்குறீங்க?" நான் சொன்னேன், "நீ ஒழுங்காப் படி. ஒன் பேரு அதுல வராது." அந்தப் பிள்ளை தலையாட்டிவிட்டுப் போனாள். அவளை அந்தக் காலேஜில் கொண்டுவந்து சேர்த்ததும் நான்தான்.

நவம்பர் ஆறாம் தேதி லிஸ்ட் எடுத்தேன். மூன்றாவது வரியில் அவள் பெயர். பதினாலு. திரையில் பார்த்தேன். அந்த வரியை அழிக்க ஒரு விசை போதும். அழித்தால் மற்ற பிள்ளைகள் பேசுவார்கள், சுரேஷ்பாபு கேட்பான் என்று ஒரு எண்ணம். என் அக்கா பெண் என்று அவனுக்குத் தெரியும், பேருக்கு இரண்டு தட்டிவிட்டு விட்டுவிடுவான் என்று இன்னொரு எண்ணம். பிரிண்ட் கொடுத்தேன். கொண்டுபோய்க் கொடுத்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

அவள் குரல் எனக்குத் தெரியாதா? ஒகட்டி என்றாள். இப்போது நிறுத்திவிடுவான் என்று நினைத்தேன். ரெண்டு. மூடு. நாலுகு. மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐது. ஆறு. ஏடு. அடுத்த அடி விழுந்தது, எண் வரவில்லை. அவன் முதலிலிருந்து என்றான். அப்போதுதான் எழுந்தேன்.

அவனைப் பதினாலு அடித்தது ஏன் என்று இப்போது உனக்குத் தெரியும். எனக்கும் லிஸ்ட் பழகியிருந்தது.

வக்கீல் கேட்ட ஆதாரம் இருக்கிறது. ஒவ்வொரு முறை லிஸ்ட் எடுக்கும்போதும் தேதி, நேரம், பெயர், எண் எல்லாவற்றையும் வினா ஒரு தனிக் கோப்பில் எழுதி வைக்கும். பிழை பார்க்க நான் வைத்தது, சுரேஷ்பாபுவுக்குத் தெரியாது. காலேஜ் கம்ப்யூட்டரை இதற்குள் துடைத்திருப்பார்கள். ஆனால் வாராவாரம் நான் ஒரு நகல் எடுப்பேன். என் அறையிலிருந்து அத்தான் கொண்டுவந்த பையில், ஷேவிங் டப்பாவுக்குள் நீலநிற பென்டிரைவ் இருக்கும். அதில் எல்லா வாரமும் இருக்கிறது. எடுத்தவர் என்ற இடத்தில் ஒவ்வொன்றிலும் என் பெயர் இருக்கிறது.

வக்கீலிடம் கொடுத்தால் சுரேஷ்பாபு தப்ப முடியாது. நானும் தப்ப முடியாது. ராஜிக்குப் போனால் எல்லாரும் தப்பலாம். எதைச் செய் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. உன் கையில் விடுகிறேன்.

உள்ளங்கைக்கு மருந்து போடு. கொப்புளத்தை உடைக்காதே என்று உனக்கே சொல்கிறேன் பார்.

அசரியா


கிரீம்ஸ்பேட்டை, சித்தூர்
28 ஜனவரி 2025

அசரியாவுக்கு,

உன் கடிதம் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வந்தது. பதில் எழுத இத்தனை நாள் ஆயிற்று. கிறிஸ்துமஸ் அன்று ஆராதனையில் போதகர் மறுபடி உன் பெயரைச் சொன்னார். நான் எழுந்து வெளியே வந்து செருப்பு விடும் இடத்தில் நின்றேன்.

பென்டிரைவ் நீ சொன்ன இடத்தில் இருந்தது. எட்டு நாள் அதை அரிசி டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். ராஜிக்குப் போவோம் என்று உன் அத்தானிடம் நானே ஒருமுறை சொன்னேன். அவர் உடைந்த தோளைப் பிடித்துக்கொண்டு, "உன் இஷ்டம்" என்றார். பிறகு ஒருநாள் அதை லேப்டாப்பில் போட்டுத் திறந்தேன். பெயர்கள். பக்கம் பக்கமாகப் பெயர்கள். நான் பிரசவம் பார்த்த வீட்டுப் பிள்ளைகள்கூட இருக்கிறார்கள். அறுபத்தொரு புதன்கிழமை. எண்ணினேன். நானும் எண்ணுகிறேன் பார்.

ஜனவரி நாலாம் தேதி வக்கீலோடு போய்ப் போலீஸில் கொடுத்தேன். சுரேஷ்பாபுவை ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே கைது செய்தார்கள். உன்னையும் அந்த வழக்கில் மூன்றாவது ஆளாகச் சேர்த்திருப்பதை உனக்குச் சொல்லியிருப்பார்கள்.

அதற்கு முன்னால் ஒரு இடத்துக்குப் போனேன். பஸ் பிடித்துப் பாலசமுத்திரம் போய், பரணி வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தேன். அவள் அம்மா பாப்பாத்தி கரும்புத் தோட்டத்திலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தாள். பரணி இப்போது படிக்கவில்லை. நகரியில் விசைத்தறிக்கு நூல் சுற்றுகிறாள். மணிக்கட்டு கோணலாகக் கூடியிருக்கிறது. நான் தொட்டுப் பார்த்தேன், இனி உடைத்துத்தான் சேர்க்க வேண்டும். அவள் மாடிப்படியில் விழவில்லை என்று பாப்பாத்தியிடம் சொன்னேன். லிஸ்டைக் காட்டினேன். இருபது என்று போட்டிருப்பது பதினொன்று என்றும், ஒன்பது தவறாக விழுந்தது என்றும் சொன்னேன்.

"தப்பா வுழுந்துச்சா? எப்டி?" என்றாள்.

"கம்ப்யூட்டர் தப்பு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. உன் பெயர் வாயில் வரவில்லை.

"கம்ப்யூட்டருக்குக் கை கீதா?" என்றாள்.

"என் தம்பி" என்றேன்.

அடித்தாள். கன்னத்தில் இல்லை, வாயில். கரும்பு வெட்டுகிற கை. பல் குத்தி உதடு கிழிந்து புடவையெல்லாம் ரத்தம். இரண்டாவது ஓங்கியபோது பரணி வந்து இடது கையால் பிடித்துக்கொண்டாள். "வுடும்மா, அவங்க இன்னா பண்ணாங்க" என்றாள். பிறகு எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். பாப்பாத்தி வாசலில் உட்கார்ந்து தன் தலையில் தானே அடித்துக்கொண்டிருந்தாள். பஸ் வரும்வரை நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் என்னைப் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. சாட்சிக்கு வருவதாகப் போன வாரம் வக்கீலுக்குச் சொல்லியனுப்பியிருக்கிறாள்.

உன் கடிதத்தை ஈவ்லினிடம் காட்டக் கூடாது என்று துணிகளுக்கு அடியில் வைத்திருந்தேன். எடுத்துப் படித்திருக்கிறாள். ஜாமீன் விசாரணையில் தானும் பேச வேண்டும் என்றாள். சுரேஷ்பாபுவை வெளியே விடக் கூடாது என்று சொல்வாள் என நினைத்தேன். உன்னையும் விடக் கூடாது என்று சொல்லப் போகிறாளாம்.

நான் கெஞ்சினேன். மறைக்கவில்லை. "மாமா ஒனக்காகத்தானேடி அவன அடிச்சாரு. அவர மட்டும் வுட்டுடுடி" என்றேன்.

அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். பிறகு சொன்னாள், "எட்டாவது அடிக்கு அப்புறம்தாம்மா வந்தாரு. ஏழு வரைக்கும் அவரும் எங்கூடவே எண்ணிக்கினு இருந்தாரு."

உனக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவதாக வக்கீலிடம் சொல்லியிருந்தேன். முடியாது என்று சொல்லிவிட்டேன். வேறு யாரையாவது பார்த்துக்கொள். என்றைக்கு வெளியே வந்தாலும் இந்த வீட்டுக்கு வராதே. கடிதமும் வேண்டாம். நீ என் கூடப் பிறந்தவன் என்பதை நான் யாரிடமும் மறுக்க மாட்டேன். பாப்பாத்தியிடமே மறுக்கவில்லை.

விசாரணை பிப்ரவரி பதினொன்றாம் தேதி, திருப்பதி கோர்ட்டில். நான் ஈவ்லினின் இடது பக்கம் உட்கார்ந்திருப்பேன். அவள் பேசும்போது தலையைக் குனிந்துகொள்ளாதே. அங்கே கூட்டமாக இருக்கும், சத்தமாக இருக்கும். அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று உனக்குத் தோன்றினால், முகத்தை நிமிர்த்தி, அவள் பார்க்கும்படி மெதுவாகச் சொல்.

யூனிஸ்